இருபத்தேழாம் இடத்துக் கித்தான் துண்டு

கிளெனிஸ் ஹாப்டேவுக்கு வாய்த்துடுக்கு அதிகம். ஆனால் அவள் போட்ட தையலில் இதுவரை யாரும் குறை கண்டதில்லை. கோதுமை விளையும் உள்நாட்டு ஊரில், பள்ளிக்கூட உணவகத்தில் இருபது வருஷம் சாண்ட்விச் கட்டிக் கொடுத்தவள். வருஷத்தில் பதினோரு மாதம் அங்கே இருந்தாலும், சொந்த ஊர் எது என்று கேட்டால் பெலிக்கன் குடா கடற்கரை முகாம் என்றுதான் சொல்வாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவளும் கணவன் நெவிலும் சக்கரம் வைத்த வீடான கேரவனைக் காரில் இழுத்துக்கொண்டு வந்து இருபத்தேழாம் இடத்தில் நிறுத்துவார்கள். ஜனவரி முடியும்வரை அங்கேதான். முப்பத்தொரு வருஷமாக இதே கதை.

முகாமின் கைவேலைக் கூடாரம் அவளுடைய ராஜ்யம். சிப்பி கோப்பவர்கள், கரையொதுங்கிய கயிற்றில் கூடை பின்னுகிறவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லாரையும் அதட்டி உருட்டி வைத்திருப்பாள். அங்கே வளர்ந்ததுதான் காற்றுத் தட்டி. ஒவ்வொரு குடும்பமும் இடுப்புயரக் கித்தான் துணித் துண்டில் தனக்குத் தோன்றியதை வரைந்து கொண்டுவரும். கிளெனிஸ் அதைக் கடைசித் துண்டோடு சேர்த்துத் தைப்பாள். ஜனவரியின் கடைசி ஞாயிறு மதியம் மணலில் கம்பு நட்டு அதை நிறுத்தி, அதன் மறைவில் முகாமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அது மட்டும் இல்லாவிட்டால் அந்தத் தெற்குக் காற்றில் சாப்பாட்டில் பாதி மணல்தான்.

சட்டம் ஒன்று உண்டு. அதுவும் கிளெனிஸ் போட்டதே. இடத்தை விட்டுப் போகிற குடும்பத்தின் துண்டைப் பிரித்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். வராதவர்களின் துணியை வந்தவர்கள் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும் என்பது அவள் கட்சி. இதுவரை பதினாறு துண்டுகள் பிரித்திருக்கிறாள். சிலர் அழுதார்கள். அதற்கெல்லாம் அவள் மசியவில்லை.

போன ஆகஸ்டில் நெவில் இறந்துபோனான். இந்த முறை அவளுடைய தம்பி கேரவனை இழுத்துவந்து விட்டான். "இதோட சரிக்கா. என் முதுகு தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளுக்குக் கேரவனை இழுத்துக் கார் ஓட்டத் தெரியாது. இடத்தை விட்டுவிடுவதென்று முடிவு செய்தாள். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோமோ என்ற பயம்தான்.

கடைசி ஞாயிறு காலை, கூடாரத்தில் உட்கார்ந்து தன் துண்டைப் பிரித்தாள். பெலிக்கன் பறவை என்று சொல்லி நெவில் வரைந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் வாத்து என்றார்கள். பதினாறு துண்டுகளை மளமளவென்று பிரித்தவள் இதை ஒவ்வொரு தையலாகத்தான் பிரித்தாள்.

பக்கத்து இடத்து மனோலி வந்து நின்றான். மீன் பொரித்து விற்கும் கடைக்காரன், நெவிலின் சீட்டாட்டக் கூட்டாளி.

"என்ன பண்றே?"

"சட்டப்படி பண்றேன். அடுத்த வருஷம் நான் வரல."

"அப்படியா" என்றான். உடனே திரும்பிப் போய்விட்டான். அவளுக்குச் சுருக்கென்றது.

மதியம் தட்டியை நிறுத்தியபோதுதான் விஷயம் புரிந்தது. அவளுடையது முதல் துண்டு. ஓரக் கம்பை நுழைக்கும் உறை அதில்தான் இருந்தது. ஓரத் துண்டை இதுவரை பிரித்ததே இல்லையாதலால் அவளுக்கு அது தோன்றவே இல்லை. காற்றில் துணி படபடவென்று அடித்து முகாமுக்கு வரும் நர்ஸ் ரேலீனின் சாலட் கிண்ணத்தைக் கவிழ்த்தது. மனோலி எழுந்து போய் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒரு கயித்த வெச்சுக் கட்டேன்" என்றாள் கிளெனிஸ்.

"கட்டலாம். கட்ட மாட்டேன். இங்க ஒரு ஆள் குறையுது, அதான் நான் நிக்கிறேன். நீ சாப்பிடு தாயே."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? எவ்வளவு நேரம் நிப்பே?"

"கால் வலிச்சா ரேலீன் நிப்பா. காலைலயே எல்லார்கிட்டயும் பேசி முறை போட்டாச்சு."

ரேலீன் வாயில் ரொட்டியோடு சொன்னாள்: "எனக்கு ரெண்டு மணிக்கு. மூணு மணிக்கு நீங்க, கிளெனிஸ்."

"கேரவன யாரு இழுக்கறது? அதச் சொல்லுங்க மொதல்ல."

"என் கடைக்குப் பின்னால கொட்டகை சும்மாதான் கெடக்கு" என்றான் மனோலி. "பத்து நிமிஷ தூரம். அங்க விட்டுட்டுப் போ. நீ பஸ்ல வா, நான் இழுத்துட்டு வந்து வைக்கிறேன். நெவில் மாதிரி நேரா நிறுத்தத் தெரியாது. கோணலாத்தான் நிக்கும். திட்டிக்கோ."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்டே?"

அவள் கவிழ்ந்த சாலட் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தாள்.

மூன்று மணிக்கு எழுந்து போய் ஓரத்தைப் பிடித்தாள். பத்து நிமிஷத்தில் தோள் கடுக்க ஆரம்பித்தது. பிரித்த பதினாறில் ஒன்றுக்காவது தான் இப்படி வந்து நின்றிருக்கலாமே என்று அப்போது நினைத்தாள். வெட்கமாக இருந்தது. எதிரே முகாம் முழுக்க மணல் படாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"ரேலீன், என் பையில அந்த வாத்து இருக்கு. அதையும் கோணி ஊசியையும் எடுத்துட்டு வா" என்றாள். "மனோலி, நீ வந்து இதப் பிடி. ஆடாம பிடி. தையல் கோணலாப் போனா நெவில் சிரிப்பான்."