மண்டிக்குப் போன சம்சாரக் கதை

“...அதெல்லாம் கெடக்கட்டும்டா, அதுல வர்ற சின்னவன் இருக்கானே, அவன் அச்சு அசலா நீயேதான்!” என்றார் அண்ணன். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, மேல்துண்டால் கண்ணைத் துடைத்தபடி சொன்னார். எங்கள் ஓசூர் வீட்டு முற்றத்தில், குறுக்குச் சுவர் எழுப்ப இறக்கி வைத்திருந்த செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துதான் அந்த நாவலை அவர் படித்து முடித்தார். ஐம்பதுகளில் நடந்த சங்கதி. நானும் எத்தனையோ பேருக்கு எத்தனையோ புத்தகங்களைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். மனதார வேண்டிக்கொண்டு ஒருவருக்குக் கொடுத்தனுப்பியது அந்த ஒன்றைத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் படிக்கிற மாதிரி ஒரு குடும்பக் கதை சொல்லுங்கள் என்று நம் வாசகர் வட்டத்தில் கேட்கிறார்கள். எனக்கு வேறொன்றும் தோன்றுவதில்லை, அதுதான். பெயர் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். அட்டையும் முதல் சில தாள்களும் போன பிறகுதான் அது என் கைக்கே வந்தது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே கூரையின் கீழ் இருந்து பிரிகிறார்கள், அவ்வளவுதான் கதை. கெட்டவன் என்று ஒருவனும் கிடையாது. பாத்திரங்களைப் பங்கு போடுகிற இடம் ஒன்று வரும். விசேஷங்களுக்குச் சோறு வடிக்கிற பெரிய அண்டாவை எடுத்துக்கொள்ள ஒருவரும் வரமாட்டார்கள். பிரிந்துபோன வீட்டில் அத்தனை பெரிய அண்டாவில் யாருக்கென்று பொங்குவது? வாசலிலேயே மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டு அது கிடக்கும். எழுதியவர் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

எனக்கு அதைக் கொடுத்தவர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். வீட்டில் தெலுங்கு, ஆஸ்பத்திரியில் கன்னடம், படிப்பதற்குத் தமிழ் என்று வைத்திருந்தவர். என் தையல் கடையில் சட்டைக்கு அளவு கொடுக்க நின்றவர், “இது சம்சாரக் கதெ. படிச்சுப் பாரப்பா” என்று நீட்டினார். தெலுங்கிலும் கன்னடத்திலும் சம்சாரம் என்றால் குடும்பம் முழுவதும். தமிழில் அது பெண்டாட்டியோடு நின்றுவிடுகிறது. மூன்று பாஷையும் புழங்குகிற என் கடையில் அவர் சொன்னது யாருக்கும் தப்பாகப் படவில்லை. பெயரில்லாத புத்தகத்துக்கு அதுவே பெயராகவும் ஒட்டிக்கொண்டது. ‘சம்சாரக் கதை யார்கிட்ட இருக்குது?’ என்று கேட்டு வாங்கிப் போவார்கள்.

வாங்கிப் போனவர்கள் எல்லோரும் அழுதார்கள். அதில் குறைவில்லை. சைக்கிள் கடை பாய் திருப்பிக் கொடுக்க வந்தபோது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. “என் மச்சானை அப்பிடியே எழுதி வச்சிருக்கான்யா! அந்தப் பய படிக்கணும் இதை” என்றார். கம்பவுண்டருக்கோ அதில் வந்ததெல்லாம் அவருடைய பங்காளி. என் மனைவி எதையும் போட்டு உடைக்கிறவள். “ஊரே அழுதாச்சு, தன் வூட்டுக்குன்னு ஒருத்தரும் அழலை” என்றாள். அப்போது அதை நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

எங்கள் வீட்டிலேயே பிரிவினைப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணனுக்குக் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் எடை போடுகிற வேலை. வாரம் ஒருமுறை ஊருக்கு வருவார். அண்ணியும் பிள்ளைகளும் ஓசூரில் எங்களோடு ஒரே வீட்டில். கிணற்றடியில் பெண்களுக்குள் ஆரம்பித்த வாய்ப்பேச்சு, முற்றத்தின் குறுக்கே ஒரு சுவர் வைத்துவிடலாம் என்பதில் வந்து நின்றது. சுவர் வந்தால் கிணறு அண்ணன் பக்கம் போகும். தண்ணீருக்குத் தெருக்கோடிக்குப் போய்க்கொள்ளலாம், அது பெரிதல்ல. அவர் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் யார் தட்டு யாருடையது என்று தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது நின்றுபோகும் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் மணிக்கணக்காகப் பேசுவேன். அண்ணன் எதிரில் நின்றால் எனக்கு வாய் வராது. அப்பா போனபின் என்னை ஆளாக்கியவர் அவர். ‘வேண்டாம்ணா’ என்ற ஒரு சொல்லை நான் சொல்ல முடியாவிட்டால் புத்தகம் சொல்லட்டுமே என்று நினைத்தேன்.

ஆகவே நாவலைத் துணியில் சுற்றி, கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். “சம்சாரக் கதை, அண்ணன் அவசியம் படிக்கணும்னு தம்பி சொன்னான்னு சொல்லுங்க” என்றேன். கண்டக்டருக்குத் தொண்டை பெரிது. மாம்பழப் பருவம், மண்டி நிறைய ஆட்கள். “எடைக்காரரே! உங்க சம்சாரத்தைப் பத்தி ஒரு புஸ்தகம் வந்திருக்குதாம். அவசியம் படிக்கணுமாம், தம்பி குடுத்தனுப்பிச்சாரு!” என்று வாசலிலிருந்தே கூவியிருக்கிறார். மண்டி அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்திருக்கிறது.

அந்த வாரம் அண்ணன் வந்து இறங்கியபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏன்டா, என் பொண்டாட்டி ஞாயத்தை மண்டி வரைக்கும் கொண்டாந்துட்ட. இன்னும் எங்க கொண்டு போகப்போற?”

“ஐயோ, இல்லண்ணா. சம்சாரம்னா இங்க குடும்பம்னு அர்த்தம். கம்பவுண்டர் அப்பிடித்தான்...”

“எனக்குத் தெரியாதா? நான் இந்த ஊர்க்காரன் இல்லியா? அங்க அத்தினி பேர் சிரிச்சாங்களே, அவனுங்களுக்கு யாரு அர்த்தம் சொல்றது?”

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. “என்னைப் பத்தி அச்சுல வேற போட்டுட்டாங்களா? நல்லா இருக்குதே!”

என்ன சொல்லி என்ன? தலை தலையாக அடித்துக்கொண்டதுதான் மிச்சம். தள்ளிக்கொண்டே போன சுவர் வேலைக்கு அன்றைக்கே அண்ணன் நாள் குறித்தார். அடுத்த வாரம் செங்கல் வந்து இறங்கியது. தடுக்க அனுப்பிய புத்தகமே அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது எனக்கு.

ஆனால் புத்தகத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. “இவ எந்தப் பக்கத்துல வர்றான்னு பாக்காம வுடமாட்டேன்” என்று, அண்ணியைத் தேடிக்கொண்டே படிக்கத் தொடங்கினார். குற்றம் கண்டுபிடிக்கப் படிக்கிறவர்களைப் போல் ஊன்றிப் படிப்பவர்கள் யாரும் இல்லை. சுவர் வேலை தொடங்குகிற அன்று காலையிலும் கையில் அதுதான். கொத்தனார் வந்து மண்ணைக் குழைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் செங்கல் மேல் உட்கார்ந்து, “இரப்பா, இன்னும் கொஞ்சந்தான்” என்றார். அண்டா வருகிற இடத்தை அவர் கடந்தது எனக்குத் தெரிந்தது. அங்கே பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் இருந்தார். கொத்தனார்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சரி, புத்தகம் பேசிவிட்டது, இனி செங்கல்லை விற்றுவிடலாம் என்று நான் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

படியுங்கள், பழைய புத்தகக் கடைகளில் எங்காவது கிடைக்கும். அண்டா வருகிற நாவல் என்று கேளுங்கள். படித்து முடித்துவிட்டு, உங்கள் மச்சான் அதில் வருகிறார் என்று மட்டும் தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லாதீர்கள். போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாகிவிட்டது.

அன்றைக்குப் படித்து முடித்ததும் அண்ணனும் அதைத்தான் சொன்னார். சின்னவன் நீயேதான் என்று. எனக்கு அவர் அந்தக் கதையின் பெரியவராகத் தெரிந்தார். வரிக்கு வரி, நடைகூட அதே நடை. அவர் கண்ணில் இருந்த ஈரமும் பொய்யில்லை. ‘அந்தப் பெரியவர் யாருண்ணா?’ என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. வழக்கம்போல் அங்கேயே நின்றது.

“பாவம்டா அந்தக் குடும்பம்” என்றார் அண்ணன். மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவருக்கு நேர் பிடிக்கக் கொத்தனார் சுற்றி வைத்திருந்த நூலைப் பிரித்தார். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு கிணற்றோரமாகப் போய் நின்று, மறுமுனையை என்னிடம் நீட்டினார்.