ரத்தத்தில் வந்த எண்

எனக்கு எந்த உபாதையும் இல்லை. மில்லில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ரத்தம் எடுத்தபோது நானும் கை நீட்டினேன், அவ்வளவுதான். புராஸ்டேட் சுரப்பிக்கான எண் கூடியிருந்தது.

"புற்றுநோயாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்," என்றார் டாக்டர். "இருந்தாலும், கொல்கிற வகையா, சாகிறவரை சும்மா கிடக்கிற வகையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது." ஆசனவாய் வழியே ஊசி விட்டுச் சதை எடுக்க நாள் குறித்தார்.

சம்மதிப்பதா என்று கேட்க உடுமலைப்பேட்டைக்குப் போனேன். அண்ணனுக்கு இதே சோதனையில் புற்று தெரிந்து, அறுவை செய்திருந்தார்கள். அதிலிருந்து அவருக்குச் சிறுநீர் நிற்பதில்லை. தங்கையின் கணவருடைய தகப்பனாரோ எந்தச் சோதனையும் செய்யாமல், நோய் எலும்புக்கு ஏறி இறந்தவர். அண்ணனும் தங்கை மாப்பிள்ளையும் தோப்பில் தேங்காய் உரிக்கும் இடத்தில் இருந்தார்கள்.

"செஞ்சுக்குங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "ஒழுகினா என்னுங்க? பெரிய மச்சானாட்ட துணியச் சுருட்டி வெச்சுக்கிட்டாப் போச்சு. ராத்திரி வேலைக்குத்தான் ஆகாது."

உரிக்கிற ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணன் தென்னை மட்டையை எடுத்து மாப்பிள்ளையின் வாயிலேயே அடித்தார். தங்கையைக் கட்டியவரிடம் குரல்கூட உயர்த்தாத வீடு எங்களுடையது. இரண்டு பற்கள் உடைந்து, ரத்தம் உரித்த காய்கள்மேல் தெறித்தது. மாப்பிள்ளை அண்ணனைக் கீழே தள்ளி, நெஞ்சில் ஏறிக் குரல்வளையை நெரித்தார்.

"எங்கய்யன் வலி பொறுக்காம செவுத்துல மண்டைய மோதிக்கிட்டாருங்க! உங்களுக்கு உசுரு இருக்குதில்லீங்க? இன்னும் என்ன வேணுமுங்க?"

கொல்லும்போதும் 'ங்க' விடவில்லை. அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். விலாவில் முழங்காலால் இடித்த பிறகே பிடி தளர்ந்தது. அண்ணனின் கண்கள் சிவந்து பிதுங்கியிருந்தன. வேட்டி முழுக்க நனைந்திருந்தது.

"அறுக்காம உட்டிருக்கலாமில்லண்ணா?" என்றேன்.

"புத்துன்னு காதுல உழுந்தப்புறம் எவன்டா சும்மா உக்காந்திருப்பான்? நீ இருப்பியா?" இருமிக்கொண்டே கேட்டார்.

இருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் உதட்டுக்குத் தையல் போடவைத்துவிட்டுக் கோவைக்குத் திரும்பினேன். ஊசியைத் தள்ளிவைத்து, சில மாதம் கழித்து ரத்தத்தை மட்டும் மறுபடி பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"பார்க்கலாம். அதற்குள் பரவினால் என்னைக் கேட்கக் கூடாது."

"கேக்க மாட்டேனுங்க," என்றேன்.