சம்பந்தப்பட்ட பெண்மணி

எங்கள் எம்.பி. நல்ல மனிதர்தான். மேசையை ஓங்கித் தட்டினால் சட்டமே மாறிவிடும் என்று நம்புகிறவர். ஜார்ஜ்டவுனில் அவருடைய சேவை மையத்தில் பதினோரு வருஷமாக நான் கிளார்க். குமுதாவின் கதையை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்த பாவி நானேதான்.

குமுதா பாயான் பாருவில் எலக்ட்ரானிக் பெக்டரியில் வேலை செய்கிறாள். இருபது வருஷமாக மைக்ராஸ்கோப்பில் சிப் பார்த்துப் பார்த்து, எதிரில் நிற்கும் மனிதரையும் ஒரு கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பாள். இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் லோகேஸ்வரன் வாடகைக் காடி ஓட்டுகிறான். மூன்றாவதாக ஒரு பையன் வேண்டுமென்று தைப்பூசத்துக்குத் தைப்பூசம் வேண்டிக்கொள்கிறவன். போன வருஷம் மூன்றாவது தங்கியது. ஆனால் குமுதாவுக்கு இதய வால்வில் கோளாறு. பெற்றால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் டாக்டர் கருவைக் கலைக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இருந்து என்ன? முதல் ஆஸ்பத்திரியில் புருஷன் கையெழுத்து கேட்டார்கள். இரண்டாவதில் இது குற்றம் என்றார்கள். மூன்றாவது கடல் பாலத்தைத் தாண்டி, புக்கிட் மெர்தாஜாமில். அங்கே டாக்டர் லீவு. மோட்டார் சைக்கிளில் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நாயாய் அலைந்து, நான்காவது இடத்தில்தான் முடிந்தது. லோகேஸ்வரனுக்கு எதுவும் தெரியாது. தெரியவே கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இன்னொருத்தி இப்படி அலையக் கூடாது, அதை மட்டும் பார்லிமெண்டில் கேட்கச் சொல்லுங்கக்கா என்றாள்.

கேட்டோமே! எம்.பி.க்கு அன்று கிடைத்தது ஒரே ஒரு கேள்வி. பெட்ரோல் எண்ணெய் விலையையும் கேட்க வேண்டும், கருக்கலைப்புச் சட்டத்தையும் கேட்க வேண்டும். மனிதர் இரண்டையும் ஒன்றாகப் பிசைந்துவிட்டார். பெயர் சொல்லாமல், "என் தொகுதிப் பெண் ஒருவர் கருவைக் கலைக்க நான்கு ஆஸ்பத்திரி அலைந்தார். எண்ணெய் விற்கிற விலையில் இது நியாயமா?" என்றார். அமைச்சர் எழுந்தார். சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சம்பந்தப்பட்ட பெண்மணி முன்வந்தால் ஆறு மாதத்துக்கு இலவச எண்ணெய் தரப்படும் என்று அறிவித்தார். இரண்டு கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டினார்கள்.

அந்த வாரமே எங்கள் வாசலில் இருபத்தாறு சம்பந்தப்பட்ட பெண்மணிகள். அதில் மூன்று பேர் ஆண்கள். பாசாரில் மீன் விற்கும் புஷ்பவள்ளி அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் கர்ப்பமாக இருந்தது உண்மைதானே என்று என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். மோகனராஜ் என்பவர், தான் இரவல் கொடுத்த மோட்டாரில்தான் அந்தப் பெண் போனாள், எண்ணெய் மோட்டாருக்குத்தானே, ஆளுக்கு இல்லையே என்று வாதாடினார். இவர்களைச் சரிபார்க்க இலாகாவிலிருந்து ஹஸ்ருல் என்ற அதிகாரி ஒரு கட்டு விண்ணப்பப் பாரத்தோடு வந்து உட்கார்ந்தார்.

இருபத்தேழாவதாக லோகேஸ்வரன் வந்தான். பின்னால் குமுதா.

யார் சொல்லித் தொலைத்தார்கள் இவனிடம்? யாரும் சொல்லவில்லை. மற்ற இருபத்தாறு பேரைப் போலவே பொய் சொல்லி எண்ணெய் வாங்கப் பொண்டாட்டியை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான். அதனால் அவளும் வந்திருக்கிறாள். வரிசையில் நின்றபடி அவளுக்குப் பாடம் வேறு நடத்தினான். நாலு ஆஸ்பத்திரி, மறந்துடாதலா. கொஞ்சம் அழு, அப்பதான் நம்புவாங்க. குமுதா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஹஸ்ருல் மலாயில் கேட்டார். எந்த நாள், எத்தனை வாரம், எந்த டாக்டர். குமுதாவும் மலாயிலேயே தடுமாறாமல் சொன்னாள். இரண்டாவது இடத்து நர்ஸ் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியதைச் சொன்னாள். திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொள்ள, பாலத்து ஓரத்தில் மோட்டாரை நிறுத்தி வாந்தி எடுத்ததைச் சொன்னாள். லோகேஸ்வரனுக்குப் பெருமை தாங்கவில்லை. சொல்லிக்கொடுக்காததையெல்லாம் எடுத்து விடறா பாருங்கக்கா என்று என் காதில் கிசுகிசுத்தான். அவனை ஓர் அறை விடலாமா என்றிருந்தது எனக்கு.

புருஷனை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று ஹஸ்ருல் கேட்டார். இந்தக் கேள்விக்கு அவன் பதில் தயார் செய்திருக்கவில்லை. குமுதா அவன் பக்கம் திரும்பினாள். இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

"சொல்லியிருந்தா, சாமி பாத்துக்கும், பெத்துக்கன்னு சொல்லியிருப்பீங்க. எனக்கு உயிரோட இருக்கணும் போல இருந்துச்சு."

லோகேஸ்வரன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஊரே பார்க்க, வாய்விட்டு அழுதான்.

ஹஸ்ருல் பேனாவை மூடினார். காலையிலிருந்து எத்தனையோ பேர் அழுதுவிட்டார்கள், இவர்கள் நடிப்பு ரொம்பவே அதிகம், விவரங்களும் சந்தேகப்படும் அளவுக்குச் சரியாக இருக்கின்றன என்று சொல்லி, பாரத்தில் 'போலி' என்று முத்திரை குத்தினார்.

நான் கத்துவதற்கு எழுந்தேன். லோகேஸ்வரன் மலாயிலேயே முந்திக்கொண்டான்.

"எண்ணெய் வேணாம் சார். என் பொண்டாட்டி பொய் சொல்லலன்னு மட்டும் எழுதுங்க."

ஹஸ்ருல் பாரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதற்குக் கட்டம் இல்லை என்றார்.