மை விற்றவளின் கண்கள்

கண் மை விற்கிறவளுக்குக் கடையின் விளம்பரப் பலகை அவள் முகத்திலேயே இருக்கிறது.

வெள்ளைக்காரன் ராஜ்யத்தில், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, திருமுல்லைவாயிலிலிருந்து அம்பத்தூர், சேக்காடு, பூந்தமல்லி என்று பல வருஷம் மை விற்றவள் நான். பெண்கள் என் கூடையை அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் என் கண்ணைப் பார்ப்பார்கள். அந்தக் கண்ணோ பிறவியிலேயே காய்ந்த கண். மை பட்டால் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், சிவக்கும், வெயிலில் திறக்கவே வராது. மை இட்டால் கண் போகும், இடாவிட்டால் பிழைப்பு போகும். வெள்ளிக்கிழமை தவறாமல் மாமியாருக்குப் பயந்து மை தீட்டிக்கொண்டு, அப்புறம் கொல்லைப்பக்கம் போய்க் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்தால் ஆறுதலாக இருக்கும் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

சோதனைக் கண்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் மை காய்ச்சுவதுதான் தொழில். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து, நிழலில் உலர்த்தித் திரி திரிப்பார் என் வீட்டுக்காரர். விளக்கெண்ணெயில் அந்தத் திரியை எரியவிட்டு மேலே மண்சட்டியைக் கவிழ்த்து வைப்பார். சட்டியில் படிகிற கரியைச் சுரண்டி எண்ணெய் விட்டுக் குழைத்தால் மை. வந்த புதிதில் ஆசையாகத் தன் கையாலேயே எனக்கு இட்டுவிட்டார். அன்று பொழுது சாய்கிற வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை. மைக்காரர் வீட்டு மருமகளுக்கு மை ஆகவில்லை என்று தெரிந்தால் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நடுங்கிப்போனேன்.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரியை மெல்லிய துணியில் சலித்தார். இன்னும் நேரம் எடுத்துக் குழைத்தார். மறுபடி இட்டார், மறுபடி எரிந்தது. மறுபடி சலித்தார். கடைசியில் ஒருநாள் கண் கொஞ்சம் பொறுத்துக்கொண்டது. அதிலிருந்து எந்த மை காய்ச்சினாலும் முதல் பூச்சு எனக்குத்தான் என்று வழக்கமாகிவிட்டது. ஊரில் யாருக்கும் இல்லாத இந்தக் கெட்ட கண்ணால் அவருக்கு ஒரு பிரயோஜனம் இருக்கிறதே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரியவும் எரிந்தது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒன் கண்ணு தாங்கிச்சின்னா ஊரு கண்ணு தாங்கும்மே. ஒனக்கு ஆவாதது கூடைக்கே போவாது."

சேக்காட்டில் ஒரு வாசல்

ஒரு ஐப்பசி மாதம், விடாத மழை. திரி சரியாக உலரவில்லை, புகைந்து புகைந்து எரிந்தது. கரி நறநறவென்று இருந்தது. இட்டுப் பார்த்தேன், கண் சிவந்துவிட்டது. இந்த மையை விற்க வேண்டாம் என்று அவர் எடுத்துத் தனியே வைத்துவிட்டார். பழைய மை கொஞ்சம் மீதி இருந்தது. தீபாவளி நெருங்குகிறதே, அதையாவது விற்று வருகிறேன் என்று நான் கூடையைத் தூக்கிக்கொண்டு சேக்காட்டுக்குப் போனேன். கண் தெளிய நாலு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்க வீட்டில் அரிசி இல்லை.

ஒரு விவசாயக் குடும்பத்து அம்மாள், பிள்ளை பெற்ற மகளுக்கும் பேரனுக்கும் வாங்க வந்தாள். சிமிழைத் திறந்து பார்த்தாள், மோந்து பார்த்தாள், திருப்திதான். பிறகு என் மோவாயைப் பிடித்து, மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிற மாதிரி முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இந்தச் சிவப்பு வேறொரு மையால் வந்தது, இது நல்ல மை என்று எவ்வளவோ சொன்னேன். அவள் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அன்று அந்தத் தெருவில் ஒரு சிமிழ்கூடப் போகவில்லை. "ஒன் கண்ணே கோவப்பழமாட்டம் கீது, இத்த வாங்கி எம்புள்ள கண்ணுல தடவச் சொல்றியா? இன்னா தகிரியம் ஒனக்கு!"

வாத்தியார் வீட்டம்மா

அடிபட்ட பிறகு என் கண்ணுக்கென்று சில சட்டங்களை நானே போட்டுக்கொண்டேன். சகோதரிகளே, உங்களுக்கும் உதவும். மையை இமைக்கு உள்ளே விளிம்பில் இழுக்கக் கூடாது. இமை மயிரின் வேரை ஒட்டி வெளியே மட்டும் இழுக்க வேண்டும். அதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து மூடிய கண்மேல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டால் கண் இளகிக் கொடுக்கும். நகம் படக் கூடாது, வழவழப்பான குச்சிதான் நல்லது. மிளகாய் அரைத்த கையோடு சிமிழைத் தொடவே கூடாது. ஒருத்தி சிமிழில் இன்னொருத்தி விரல் விடக் கூடாது, அக்கா தங்கையாக இருந்தாலும் சரி. படுப்பதற்கு முன் விளக்கெண்ணெய் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்துவிட வேண்டும். குளுகுளுவென்று இருக்கும் என்று பச்சைக் கற்பூரம் சேர்த்த மையை வாங்கினால் நம்மைப் போன்றவர்களுக்கு அன்றைக்குத் தூக்கம் போச்சு.

அம்பத்தூரில் ஒரு வாத்தியாருடைய மனைவிக்கும் என்னைப் போலவே காய்ந்த கண். அவளுக்கு இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லி, ஒரு கண்ணுக்கு நானே இட்டும் காட்டினேன். உறுத்தவே இல்லை என்று சந்தோஷப்பட்டாள். அடுத்த தடவை போனபோது இரண்டு கண்ணும் வீங்கி, உள்விளிம்பு முழுக்கக் கறுப்பாக இழுத்திருந்தாள். கோபத்தில் ஏனம்மா இப்படி என்று கேட்டுவிட்டேன். அவள் உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நீ சொன்ன மாதிரி போட்டா எனக்கு சொகமாத்தான் இருக்கு. ஆனா அவருக்கு நான் மை போட்ட மாதிரியே தெரியலையாமே."

ரயிலில் யாருக்காகவோ

ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு ரயில் ஏறினேன். சண்டைக்காலம். ஆவடியில் பட்டாளத்து லாரிகள் கிளப்பிய செம்மண் ஏற்கெனவே கண்ணில் இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தது என் புத்தி. எஞ்சின் கரித்தூள் நேரே வந்து விழுந்தது. காய்ந்த கண் ஒரு விசித்திரம், சாதாரண நாளில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது, தூசு பட்டால் மட்டும் தாரை தாரையாகக் கொட்டும். மை கரைந்து இரண்டு கன்னத்திலும் கோடு கோடாக இறங்கியது.

எதிரே உட்கார்ந்திருந்த கீரைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். செத்தது யார் என்று அவள் கேட்கவே இல்லை. அவளுக்கு அந்த வருஷம் பிள்ளை செத்துப்போயிருந்தானாம். அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். பக்கத்தில் இருந்தவளும் மூக்கைச் சிந்தினாள். தூசுதான் அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு துக்கத்தின் நடுவே என் தூசியை எப்படிச் சொல்வது? அம்பத்தூரில் நான் இறங்கும்போது கூடையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கீரைக்காரி சொன்னாள்: "அடக்கி வெச்சிக்காத தாயி, நெஞ்சு வெடிச்சிடும். வூட்டுக்குப் போயி இன்னும் கொஞ்சம் அழுவு."

கதீஜா பீவியின் சுர்மா

பூந்தமல்லியில் கதீஜா பீவி வீட்டுக்கு மை விற்கப் போகமாட்டேன், மோர் குடிக்கப் போவேன். அவர்கள் வீட்டில் மைக்குப் பதில் கல்லைப் பொடித்த சுர்மாதான். அவள் கணவர் ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தார். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபின் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அங்கிருந்து நடந்தே வந்துசேர்ந்தவர்கள் பூந்தமல்லியிலும் சில பேர் இருந்தார்கள், அவர்களில் யாரும் அவரைப் பார்த்ததாகச் சொல்லவில்லை.

பீவிக்கும் கண் சரியில்லை. சுர்மாக் குச்சியை இமைக்கு நடுவே வைத்து இழுக்கும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். கண்ணோரம் புண்ணாகி இருந்தது. ஆறும் வரைக்குமாவது விட்டுவையுங்கள் பீவி, உங்கள் கண்ணை இப்போது யார் பார்க்கப் போகிறார்கள் என்று உரிமையாகச் சொல்லிவிட்டேன். புருஷன் மௌத்தானால் அவர்களிலும் பெண்கள் இத்தா என்கிற துக்க நாட்கள் முடிகிற வரைக்கும் சுர்மா போடமாட்டார்கள் என்பது அப்போது எனக்கு நினைவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. குச்சியைத் துடைத்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நான் போடாம வுட்டுட்டா, அவரு இல்லேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்ல?"

கடைசிப் பூச்சு

அடுத்த மழைக்காலத்தில் வாந்திபேதி எங்கள் ஊருக்கு வந்தது. காலையில் உட்கார்ந்து திரி திரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மறுநாள் காலையில் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி வலித்தது, இனி நான் யாருக்கு என்று உள்ளுக்குள் கதறினேன். கண் மட்டும் வறண்டு கிடந்தது. மார்பில் அடித்துக்கொண்டு அழுத சொந்தக்காரப் பெண்கள் அழுகைக்கு நடுநடுவே என் முகத்தைப் பார்த்தார்கள். கல்நெஞ்சுக்காரி என்று கூடத்தில் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

காரியத்துக்கு முந்தின சாயங்காலம் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். தாலி வாங்கப்போகிறவளைக் கடைசித் தடவையாக ஜோடித்து உட்கார வைப்பார்கள். மஞ்சள் பூசினார்கள், கூறைப்புடவை கட்டினார்கள், தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள், கை நிறைய வளையல் அடுக்கினார்கள். மை இட வேண்டும். அவர் குழைத்த மை ஒரு சிமிழ் வீட்டில் இருந்தது, என் கண் பொறுத்துக்கொண்ட மை. செத்தவர் கை பட்டது ஆகாது என்று யாரோ அதை எடுத்துக்கொண்டுபோய்க் குளத்தில் எறிந்துவிட்டார்கள். கடைத்தெருவில் டப்பா மை வாங்கி வந்தார்கள். என் நாத்தனார் ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு, இமைக்கு உள்ளே அழுத்தி இழுத்தாள். நெருப்பாக எரிந்தது. கண்ணிலிருந்து கொட்டு கொட்டென்று கொட்டியது. அதைப் பார்த்துக் கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஓவென்று கதறினார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கும் நிஜமாகவே வாய் திறந்துவிட்டது. நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு மற்றவர்களிடம் சொன்னாள்: "அப்பாடா, இப்பதான் இவளுக்கு அழுவ வந்துகீது. யாரும் தொடைக்காதீங்க, நல்லா அழுவட்டும்."

ஏரிக்கரையில்

இப்போது கூடையை நாத்தனார்தான் எடுத்துக்கொண்டு போகிறாள். வெறும் நெற்றியோடு மங்கலப் பொருள் விற்கப் போனால் எந்த வாசலில் நிற்க விடுவார்கள்? நான் வீட்டில் கரி சுரண்டுகிறேன், குழைக்கிறேன். போட்டுப் பார்க்கத்தான் கண் இல்லை. நாத்தனார் கண்ணுக்கு எதைப் போட்டாலும் உறுத்தாது, அதனால் அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. வாடிக்கை குறைந்துகொண்டே வருகிறது. மை படாத என் கண்கள் மட்டும் நாளுக்கு நாள் தெளிந்தன. உறுத்தல் போனது. சிவப்பு போனது. வெயிலில் நன்றாகத் திறந்து பார்க்க முடிந்தது. அந்தச் சுகம் எனக்கு அவமானமாக இருந்தது.

ஒருநாள் அம்பத்தூர் ஏரியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வெயிலுக்காக முக்காட்டை நெற்றி மறைய இழுத்துவிட்டிருந்தேன். கள்ளிக்குப்பத்துக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கண்ணைக் கழுவினாள். தாலிச்சரட்டில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. இரண்டு கண்ணும் சிவந்து, மையும் தண்ணீருமாக வழிந்தது. நம்ம ஜாதிக் கண் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மனது கேட்கவில்லை. வெதுவெதுப்பான துணியிலிருந்து எண்ணெய்ப் பஞ்சு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டினாளே தவிர அவள் கேட்டதாகத் தெரியவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, ஒன் கண்ணு இன்னா தெளிவா கீது! நீ இன்னாதான் பண்ணே? எனக்கும் அதையே பண்ணி வுடுக்கா."

மை இட்டுக்கொண்டே கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் சொல்லிவிட்டேன் சகோதரிகளே, என் கண்ணைத் தெளிய வைத்த அந்த ஒரு வழி மட்டும் உங்களில் யாருக்கும் பலிக்க வேண்டாம்.