கலவன்

நெல் இலை ஏன் பழுக்கிறது என்பதுதான் என் மகளின் ஆராய்ச்சி. கச்சிராயபாளையத்தில் எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் அண்ணன் அவளிடமே ஒருமுறை கேட்டார். "வயசானா பழுக்குது. இதுல படிக்கிறதுக்கு இன்னாம்மா கீது?"

"வயசாவறது தானா நடக்கல மாமா. செடிதான் நடத்துது."

"அப்ப எனக்கும் ஒரு மருந்து கண்டுபுடி. முட்டி வலி தாங்கல."

நான் பள்ளியில் கணக்கு எடுப்பவள். இலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னது. கதிர் பால் பிடித்த பிறகு இலையின் செல்களுக்குள் ஒரு மரபணு விழிக்கும். அது இன்னும் பலவற்றை எழுப்பும். அவை உண்டாக்கும் நொதிகள் பச்சையத்தைச் சிதைக்கும், புரதங்களை உடைக்கும். அதில் கிடைக்கும் தழைச்சத்து தண்டு வழியாகக் கதிருக்குப் போகும். காய்ந்துபோச்சு என்று நாம் சொல்லும் இலை, வைத்திருந்ததையெல்லாம் மணிக்கு அனுப்பிவிட்ட இலை.

கதிர்வீச்சுக் கொடுத்த விதையின் வழியில் வந்த சில செடிகள் மட்டும் அறுப்பு நெருங்கியும் பச்சையாக நின்றதை அவள் கண்டிருந்தாள். அதற்கு இரண்டு காரணம் இருக்கலாமாம். பச்சையத்தைச் சிதைக்கும் நொதி மட்டும் கெட்டிருந்தால் நிறம்தான் மிச்சம். உள்ளே இலை வேலையை நிறுத்தியிருக்கும். முதுமையைத் தொடங்கிவைக்கும் மரபணுவே மாறியிருந்தால், இலை கூடுதல் நாள் உழைக்கும், மணி நன்றாகத் திரளும். தன்னுடையது இரண்டாவது வகை என்று அவள் நம்பினாள். அதைக் காட்டுவதற்குள் பல்கலைக்கழக வயல் மழையில் மூழ்கியது. மீந்திருந்த ஒரு கைப்பிடி விதையோடு வீட்டுக்கு வந்தாள்.

எங்கள் வயலின் ஓரத்தில் ஒரு துண்டை அண்ணன் ஒதுக்கிக் கொடுத்தார். அவரே நாற்று விட்டு நட்டார். அவள் கிளம்பும்போது, "இது வெதைக்கு மாமா, பத்திரமா பாத்துக்குங்க" என்றாள். அவர் தலையாட்டினார். அந்த விதையில் முளைப்பவற்றில் சிலதான் பச்சையாக நிற்கும்; மற்றவை பழுக்கும்வரை எது தன் செடி என்று அவளுக்கே தெரியாது. பழுக்கிற நேரத்தில் வந்து தன் செடிகளுக்கு அடையாளச் சீட்டு கட்டுவதாக இருந்தாள்.

அப்படி வந்த அன்று நானும் கூடப் போனேன். பையில் சீட்டுகள், இலையைக் கவ்விப் பச்சையத்தை அளக்கும் சின்ன மீட்டர், துறையில் இரவல் வாங்கியது. டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வரப்பில் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அந்தத் துண்டு மூலைக்கு மூலை ஒரே மஞ்சளாக இருந்தது. அவள் நின்றுவிட்டாள்.

அண்ணன் கையைத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். "பாத்தியா? வெதைக்குன்னு சொன்னியே, ஒரு கலவன் வுடல. அங்கங்க பச்சபச்சையா நின்னுக்கினு இருந்துச்சு. ஒண்ணு வுடாம பறிச்சிட்டேன். எவன்னா கொற சொல்லட்டும் பாக்கலாம்."

விதைநெல் என்றால் இங்கே அதுதான் முறை. கூட்டத்தில் வேறாக நிற்பது கலவன். அறுப்புக்கு முன் அதைப் பிடுங்கிவிட வேண்டும்.

"எங்க மாமா போட்டீங்க?"

"மாட்டுக்குதான். பச்சத் தழ, ஏன் வீணாக்கணும்?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ரொம்ப சுத்தமா இருக்கு மாமா" என்றாள். அவர் முகம் மலர்ந்து, இளநீர் வெட்டப் போனார்.

"அவருகிட்ட சொல்லாதம்மா. எனக்காகத்தான் செஞ்சாரு."

திரும்பும் பஸ்ஸில் மட்டும் கொஞ்சம் பேசினாள். பழுத்த செடிகள் சிலவற்றிலும் அந்தக் குணம் மறைந்திருக்கலாம், எதில் என்று கண்டுபிடிக்க இன்னும் இரண்டு போகம் வேண்டும், அதற்குள் உதவித்தொகை முடிந்துவிடும். சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

இப்போது ஆராய்ச்சியை விட்டு, சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைப் பரிசோதிக்கிறாள். தினமும் போன் செய்கிறேன். "சாப்ட்டேன்மா" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரவெல்லாம் யோசிக்கிறேன். சத்தமாகச் சொன்னாளா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாளா. அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பொண்ணு டாக்டராயிட்டுதா?" என்கிறார். "ஆவும் அண்ணே" என்கிறேன்.

அந்தத் துண்டின் நெல்லை அவர் தனியாக அடித்து, காயவைத்து, சின்ன மூட்டையாகக் கட்டி வீட்டில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வேப்பிலை போட்டு அவள் அறையில் வைத்திருந்தேன். இந்த வருஷம் நாற்று விடும் சமயத்தில் அவளிடம் கேட்டேன். "இத நானே நட்டுப் பாக்கட்டுமா? எதுங்க பச்சையா நிக்குதுன்னு பாத்து நானே சீட்டு கட்றேன். நீ வரவே வேணாம்."

 

"நெல்லுக்கும் வயசாவும்மா. அரைச்சி சாப்ட்டுடு" என்றாள். பிறகு, பக்கத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

சில வாரம் கழித்து மூட்டையை மில்லுக்கு எடுத்துப் போனேன். மில்காரர் தூக்கிப் பார்த்தார். "இத்தினிகூண்டு நெல்லுக்கு மிஷின் ஓட்றதா டீச்சர்? வேற நெல்லோட சேத்துடட்டுமா?"

"வேணாங்க. தனியா ஓட்டுங்க. நான் காத்திருக்கேன்."

ஆட்டோவில் அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை சூடாகவே இருந்தது.