தம்பி சாய்ந்த சுவர்

மலேசியாவின் மூவாரில் ஆற்றைப் பார்த்த அந்தப் பழைய அரசாங்க வீட்டைப் புதுப்பித்து இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். உள்ளே காலெடுத்து வைத்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை முகத்தில் அடித்தது. நான் மறுபடி சிறுமியாகிவிட்டேன்.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம். யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த அப்பாவுக்குக் கொடுத்த வீடு அது. ஆறு வற்றும்போது சேற்று வாடையும், ஏறும்போது படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தமும் வந்துகொண்டேயிருக்கும் அந்தக் கூடத்தில், தலையில் எண்ணெய் வழிய வழிய, தம்பி எப்போதும் ஒரே இடத்தில்தான் சாய்ந்து உட்காருவான், அம்மாவும் எப்போதும் ஒன்றையேதான் சொல்லுவாள்: "சுவரிலை சாயாதை! இது எங்கடை வீடில்லை."

ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் தம்பி இறந்துபோனான். பிறகு அப்பாவுக்கு மாற்றல் வந்தது. வீட்டை ஒப்படைக்குமுன் வெள்ளையடிக்க ஆட்கள் வந்தபோது, அவன் தலை பட்டுப் பட்டு மஞ்சளித்துப்போயிருந்த அந்த வட்டத்தில் தன் தலையைச் சாய்த்துக்கொண்டு அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா எவ்வளவு கெஞ்சியும் எழும்பவில்லை. அவளைச் சுற்றி வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள்.

இன்று அந்த இடமும் வெள்ளைவெளேரென்று இருந்தது. குனிந்து, தம்பியின் தலை உயரத்தில் கன்னத்தை வைக்கப்போனேன். வீட்டைச் சுற்றிக் காட்டிய பெண் பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அலமாக், ஆன்டி! சுவத்துல சாயாதீங்க, இன்னும் காயல லா."

"ஓம் பிள்ளை," என்று நிமிர்ந்தேன். "எங்கடை வீடில்லைத்தானே."