வரிசையில் நின்ற ஃபைல்

போன செவ்வாய்க்கிழமை நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என் ஃபைல் எனக்காக இன்டர்வியூ வரிசையில் நின்றது.

சிரிக்காதீர்கள், முழுசாகச் சொல்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — போன மாதம் என் கம்பெனி ஆட்களைக் குறைத்தது; குறைந்தவர்களில் நானும் ஒருத்தி. சிங்கப்பூரில் வேலை போனால் சம்பளம் மட்டுமா போகும்? இங்கே தங்குவதற்கான பாஸும் கூடவே கிளம்பிவிடும். செவ்வாய் காலை என் கையில் மிச்சம் ஒன்பது நாள். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் திருச்சிக்கு டிக்கெட்.

லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் வாக்-இன் இன்டர்வியூ. துவாஸில் கிடங்கு வைத்திருக்கும் சரக்குக் கம்பெனி. கிடங்குக்கு வரும் லாரிகளை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டுமாம். பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். நான் எட்டுக்கே போய்விட்டேன். புத்திசாலி அல்லவா?

மாடியில் ஒரு மனிதர்கூட இல்லை. ஆனால் வரிசை இருந்தது! கதவிலிருந்து நேர்கோட்டில்... ஒரு குடை, நான்கு டிஷ்யூ பாக்கெட், ஒரு தண்ணீர் பாட்டில், கடைசியில் ஒற்றைச் செருப்பு.

சாப்பாட்டுக் கடை மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்பது இந்த ஊர் வழக்கம். ‘சோப்’ பண்ணுவது என்பார்கள். வைத்ததை யாரும் நகர்த்த மாட்டார்கள். நானோ திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே துண்டு போட்டு வளர்ந்தவள். அங்கே துண்டு போட்ட பிறகுதான் சண்டையே ஆரம்பிக்கும்.

வைக்க என்னிடம் என்ன இருக்கிறது? ஃபைல் ஒன்றுதான். ரெஸ்யூமே, மதிப்பெண் பட்டியல், அசல் டிகிரி சான்றிதழ். செருப்புக்குப் பின்னால் பயபக்தியோடு வைத்துவிட்டு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன்.

“நீங்க எது?” என்று கேட்டார் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு நெட்டை இளைஞர்.

“ஃபைல். நீங்க?”

“குடை. ஃபர்ஸ்ட்டு லா!” இந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒரு ‘லா’ ஒட்டிக்கொள்ளும். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் ஷூ போட்டிருந்த பெண், “நான் செருப்பு” என்றாள். அதன் ஜோடி அவள் பைக்குள் பத்திரமாக இருந்தது.

ஒன்பதரைக்கு என் போன் அடித்தது. தெரியாத எண்.

“உங்க ஃபைல் இங்க லைன்ல நிக்குது. நீங்க எங்க?”

நிமிர்ந்தேன். எதிர்மாடி ஜன்னலில் ஓர் அம்மாள், கையில் என் ஃபைல். இன்டர்வியூ எடுப்பவரேதான்!

“இதோ வரேன் மேடம்!”

“வேணாம், டீ ஆறிடும். அங்கயே இருங்க, கேக்குறேன்.”

“மேடம்... எனக்கு முன்னாடி குடை இருக்கு.”

“குடையில போன் நம்பர் இல்லையே லா. சரி, சொல்லுங்க — கிடங்கு வாசல்ல லாரி லைன்ல நிக்குது, டிரைவரைக் காணோம். என்ன செய்வீங்க?”

ஒரு வாரமாக மனப்பாடம் செய்த டீம்வொர்க், லீடர்ஷிப் எல்லாம் மறந்துபோயின.

“லாரி கண்ணாடியில போன் நம்பர் ஒட்டச் சொல்வேன் மேடம்.”

ஜன்னலில் சிரிப்பு. டீக்கடையிலும் சிரிப்பு — குடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“மேல வாங்க. மத்தவங்களையும் கூட்டிட்டு வாங்க. குடை முதல்ல.”

எட்டுப் பேரையும் கேள்வி கேட்ட பிறகு, வேலை எனக்குத்தான் என்றார் மேடம். ஆனால் புது பாஸுக்கு விண்ணப்பித்து, அது வந்த பிறகுதான் நாற்காலியில் உட்காரலாம். அதுதான் சட்டம்.

“அதுக்குள்ள வேற யாரையாச்சும் எடுத்துருவீங்களா மேடம்?” கேட்டே விட்டேன். வெட்கமாகப் போயிற்று.

மேடம் என் ஃபைலைத் திறந்தார். சான்றிதழ்களை உருவி என் கையில் கொடுத்தார். காலி ஃபைலை எனக்கான நாற்காலியில் வைத்தார்.

இதை எழுதும்போது மிச்சம் ஐந்து நாள். பாஸ் வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. போனில் அம்மா வேறு, “காலி ஃபைலா? எவனாச்சும் தூக்கிப் போட்டுட்டு உக்காந்துருவான்டி!” என்று புலம்புகிறார்.

நேற்று மத்தியானம் அந்த ஆபீசுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். ஃபைல் அப்படியே இருக்கிறது — உட்கார இடமில்லாமல் ஒருவர் அதன் பக்கத்தில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்!